தண்ணீர் குடிக்கும் பலகை

ரிங்லெட் ஏரியின் நடுவில் பழைய பாய்மரப் படகு இடப்பக்கமாகச் சாய்கிறது. தேயிலைத் தோட்டத்துத் தச்சர் நல்லுசாமி பாய்க் கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறார். படகு இன்னும் சாய்கிறது. சீமைக்குப் போய்விட்ட பழைய துரையின் படகு இது. மூன்று வருடம் கொட்டகையில் காய்ந்ததில் பலகை இணைப்பெல்லாம் வாய் பிளந்துவிட்டது. இன்று மாலைவரை மிதந்தால் நல்லுசாமிக்கு, முழுகினால் பேக்டரி அடுப்புக்கு விறகு என்று புதிய துரை சொல்லியிருக்கிறார். “கயித்த விடுங்க லா, கவுத்துடப் போறீங்க!” என்கிறாள் மனைவி ரஞ்சிதம். கயிறு தளர்கிறது, பாய் படபடக்கிறது, படகு நிமிர்கிறது. கொழுந்துக் கூடையோடு சரிவில் நின்று பழகிய உடம்பை அவள் வலப்பக்க விளிம்பில் சாய்த்துக்கொண்டு, உள்ளே கசியும் தண்ணீரைப் பால் டின்னால் மொண்டு வெளியே ஊற்றுகிறாள். “எவ்வளவு எறைச்சாலும் வருதே!” “மரம் ஊறுனா அதுவா அடைச்சுக்கும்” என்கிறார் நல்லுசாமி. அவருக்கே அதில் பாதி நம்பிக்கைதான். பிற்பகல் வெயில் அணைச் சுவரில் மஞ்சளாகக் கிடக்கிறது. அவர் இணைப்பில் விரலை ஓட்டிப் பார்க்கிறார். காலையில் நகம் நுழைந்த இடத்தில், தண்ணீர் குடித்து உப்பிய பலகைகள் இப்போது ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கின்றன. டின் மறுபடி இறங்குகிறது. இந்த முறை அதில் தண்ணீர் ஏறவில்லை. அடிமரத்தில் கரகரவென்று உரசுகிறது. அந்தச் சத்தத்துக்காகவே ரஞ்சிதம் இன்னொரு தடவை உரசிப் பார்க்கிறாள். பிறகு டின்னை ஏரியில் அலசி, பிளாஸ்கைத் திறந்து, அதிலேயே தேத்தண்ணியை ஊற்றி அவரிடம் நீட்டுகிறாள்.