முப்பத்தைந்து நிமிடம்

“இன்னும் கொதிக்கலையா டாக்டர்?”

பெஞ்சின் ஓரத்தில், மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அல்லி கேட்டாள். பம்ப் அடுப்பின் மேலிருந்த பாத்திரம் எப்போதோ தளதளவென்று கொதிக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே இடுக்கியும் ஊசியும் சின்னக் கண்ணாடியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.

“கொதிக்குது. கிருமி சாக நேரமாகுமில்ல? கொஞ்சம் உக்காருங்க” என்றார் பல் டாக்டர் தெட்சிணாமூர்த்தி.

சொன்னது பாதிப் பொய். இருபது நிமிடம் கொதித்தால் போதும் என்றுதான் அவர் படித்திருந்தார். மற்ற நாட்களில் அதற்கு மேல் ஒரு நிமிடம் மண்ணெண்ணெயை வீணாக்கமாட்டார். சனிக்கிழமை மட்டும் முப்பத்தைந்து. சனிக்கிழமைதான் கோட்டுச்சேரி பஸ்ஸில் அல்லி வருவாள்.

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போன மறு வருடம் இங்கே வந்து கடை விரித்தவர் அவர். சந்தையில் ஓர் ஆள் வேட்டியில் துடைத்துத் துடைத்து ஒரே இடுக்கியால் ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, ஆளுக்கு ஒரு தடவை கருவியை வேகவைக்கும் டாக்டரைப் பார்த்து ஊர் சிரித்தது. ஊசிக்குச் சோறு வடிக்கிறார் என்றார்கள்.

அல்லி பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். பல் ஈறில் ரத்தம் வருகிறதென்று மூன்று மாதத்துக்கு முன் வந்தாள். இரண்டு தடவை மருந்து தடவியதில் சரியாகிவிட்டது. ஆனால் “இன்னும் ஒரு வாரம் வாங்க” என்று அவர் வாய் தானாகச் சொல்லிற்று. அவளும் தலையாட்டினாள். அடுத்த வாரமும் அப்படியே. ஆறிப்போன ஈறைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் பன்னிரண்டு வாரம் சும்மா வருவாளா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பத்துநாலு வயதில் அந்தக் கணக்கு அவரைத் தூங்கவிடவில்லை.

அதிலும் முதல் ஆளாக வந்துவிட்டு, எல்லாரும் காட்டிக்கொண்டு போகட்டும் என்று கடைசிவரை உட்கார்ந்திருப்பாள். அவள் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்பதற்காகவே மற்றவர்களுக்கும் முப்பத்தைந்து நிமிடம் கொதிக்கவைத்தார். இடையிடையே முழங்கைவரை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். அதற்குள் தன் பல் தானே விழுந்துவிடும் என்று கிளிஞ்சல்மேட்டு மீன்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

இருவரும் அதிகம் பேசியதில்லை. அவள் பாத்திரத்தைப் பார்ப்பாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், பிறகு வெகுநேரம் தெருவைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் ஓர் ஏக்கம் இருந்தது. அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது, ஏனென்றால் அவரிடமும் அது இருந்தது.

இன்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். மற்றவர்கள் போனதும் முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள் அவள், முந்திக்கொண்டு.

“சொல்லுங்க.”

“நாளைக்கு ஞாயித்துக்கெழமை. வீட்டுப் பெரியவங்களோட வரலாமா? நீங்க இருப்பீங்களா?”

தாராளமாக வரச் சொன்னார். குரல் தடுமாறியதை அவள் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே சலவை வேட்டி கட்டி, பெஞ்சைத் துடைத்து, ஒரு பொட்டலம் ஜிலேபியும் வாங்கி வைத்தார். பல் டாக்டர் வீட்டில் ஜிலேபி! சிரிப்பாகத்தான் இருந்தது. அடுப்பை மட்டும் பற்றவைக்கவில்லை.

பத்து மணிக்கு அல்லி வந்தாள். கூட நடுவயதுப் பெண்மணி ஒருவர். அவருக்குப் பின்னால், துண்டால் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, உயரமாக ஓர் ஆள்.

“இவங்க எங்க அத்தை. அது அத்தான், சைகோன்லேருந்து முந்தாநாள்தான் வந்தாங்க” என்றாள் அல்லி. அவள் முகம் இத்தனை சனிக்கிழமைகளில் ஒருநாளும் அப்படி மலர்ந்ததில்லை. “வர்ற தையில எங்களுக்குக் கல்யாணம் டாக்டர். மாசக்கணக்கா பல்வலின்னு கடுதாசி எழுதுவாங்க. ஆனா யாரையும் வாயில கைவைக்க விடமாட்டாங்க. அத்தானோட அண்ணன் சந்தையில பல்லு புடுங்கிக்கிட்டு, எட்டாம் நாளு தாடை வீங்கிச் செத்தே போயிட்டாங்க. அதான் நீங்க கருவிய வேகவைக்கிறத நானே வாராவாரம் ஒக்காந்து பாத்தேன். முப்பத்தஞ்சு நிமிஷத்துல ஒரு நிமிஷம் நீங்க யாருக்கும் கொறைச்சதில்ல.”

தெட்சிணாமூர்த்தி அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு முகத்துணியை எடுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே, கண் வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டார்.