எங்க பக்கம் எல்லாம் சரி!

"என் சர்வர் மேல ஒரு குத்தமும் இல்லை, மேடம். உங்க கம்ப்யூட்டருங்கதான் மக்கர் பண்ணுது!"

"எங்க கம்ப்யூட்டருங்க ஒழுங்காத்தான் கூப்பிடுது, சார். உங்க சர்வர்தான் காது கேக்காத மாதிரி உக்காந்திருக்கு!"

இந்த சாரும் மேடமும் புருஷன் பெண்டாட்டி. கீழ்மாடி சர்வருக்கு அவர் பொறுப்பு. மேல்மாடி கம்ப்யூட்டர்களுக்கு அவங்க. ராத்திரியிலேர்ந்து பேக்கப் நின்னு போச்சு. மேலேயிருந்து ஒரு ஃபைல்கூட சர்வருக்குப் போய்ச் சேரலை. எந்தத் திரையைப் பார்த்தாலும், 'சர்வருடன் தொடர்புகொள்ள முடியவில்லை'ன்னு சிவப்பு எழுத்து.

மேனேஜர் வந்ததுமே கத்திட்டார். "யார் தப்புன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். அந்த ஆள் மூட்டையைக் கட்டிக்கலாம்!"

ஆக, ஒரே வீட்டுல ஒரு வேலை போகப் போகுது. கொஞ்சமாவது பயம் வேண்டாமா? ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மாட்டி விடறதுலேயே குறியா இருந்துதுங்க. கூட வேலை பார்க்கிற எங்களுக்கே பத்திக்கிட்டு வந்துச்சு.

"பிங் பண்ணிப் பார்த்தீங்களா, மேடம்?"

"பார்த்தாச்சு. சர்வர் உயிரோடதான் இருக்கு. பேக்கப் எடுன்னா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குது."

"நான் கதவைத் திறந்து வச்சுட்டு காத்துக்கிட்டிருக்கேன். உங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தரும் வந்து தட்டலை."

"தட்டித் தட்டி எங்களுக்குக் கைதான் வலிக்குது!"

கேபிளை மாத்தினாங்க. சர்வரை அணைச்சுப் போட்டாங்க. எதுக்கும் மசியலை.

"ரெண்டுக்கும் நடுவுல வேற ஏதாவது..."ன்னு மேனேஜர் இழுத்தார்.

"நடுவுலன்னதும் ஞாபகம் வருது, சார். நேத்து வீட்டுலேயும் இவர் இப்படித்தான்!"ன்னு அந்தம்மா பிடிச்சுக்கிட்டாங்க.

"நேத்து ஆரம்பிச்சது யாரு? நீயா நானா?"ன்னு அவரும் எகிறினார்.

மேனேஜர் கேட்க வந்ததையே மறந்துட்டு உபதேசத்துல இறங்கிட்டார்.

"இதப் பாரும்மா, வீட்டுல ஆயிரம் இருக்கும். அதையெல்லாம் வாசலோட விட்டுட்டு வரணும். நானும் என் சம்சாரமும் இத்தனை வருஷத்துல எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை."

"இவர் வீட்டுல இருந்தாத்தானே?"ன்னு பின்னால யாரோ முணுமுணுத்தாங்க.

சாயங்காலம் ஃபயர்வால்காரர் வந்தார். ரெண்டு மாடிக்கும் நடுவுல எது போகலாம், எது போகக்கூடாதுன்னு காவல் வைக்கிறது அவர் வேலை. பாஸ்வேர்டும் அவர்கிட்ட மட்டும்தான். கசங்கின சட்டை, சிவந்த கண்ணு. யார்கிட்டயும் பேசாம உக்காந்து ஏதோ தட்டினார். மேல்மாடியில சிவப்பெல்லாம் பச்சையாச்சு. பேக்கப் ஓட ஆரம்பிச்சுது.

மேனேஜருக்குத் தலைகால் புரியலை. என்ன கோளாறுன்னு கேட்கக்கூடத் தோணலை.

"மனுஷன்னா இவர் மனுஷன்! வந்தார், முடிச்சார். நீங்களும் இருக்கீங்களே, நாள் பூரா வாய்! இதுல யாரை அனுப்பறதுன்னு நான் பஞ்சாயத்தா பண்ண முடியும்? ரெண்டு பேருக்கும் மெமோ! இந்த வருஷம் இன்க்ரிமென்ட் கிடையாது, போங்க!"

நல்லா வேணும்னு நினைச்சுக்கிட்டோம். மாடிப்படியில அடுத்த ரவுண்டு நடக்கும்னு காதைத் தீட்டிக்கிட்டுப் பின்னாலேயே போனோம்.

அங்கே ஃபயர்வால்காரர் சர்வர்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தார்.

"பிரசவ வார்டுலேர்ந்து போன் வந்த பதட்டத்துல, பேக்கப் போற வழியை நான்தான் சார் அடைச்சுட்டு ஓடிட்டேன்..."

"உஷ்! மெதுவா!" அந்தம்மா பதறினாங்க. கத்திக் கத்தி அவங்க குரலே கம்மிப் போயிருந்துது. "அது எங்களுக்குக் காலையிலேயே தெரியும் தம்பி. நீங்க வர்ற வரைக்கும் அந்த மேனேஜரை நடுவுல எட்டிப் பார்க்க விடக்கூடாதேன்னுதான் இந்தக் கூத்து. அதை விடுங்க, பாப்பா கண்ணு திறந்துச்சா?"