கிராணி வீட்டுக் காரின் பின் சீட்டு

ரப்பர்த் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வீட்டுக் காரின் நான்கு கதவுகளும் திறந்து கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சூடேறிய வினைல் சீட்டின் வாடையில் தலை சுற்றுகிறது. பின் சீட்டின் முன் மண்டியிட்டு, தையல் ஓரங்களில் படிந்த கறுப்பு அழுக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். சவுக்கார நுரை சாம்பல் நிறத்தில் வழிகிறது. இவ்வளவும் அவர்கள் வீட்டு அழுக்கு. நான் இந்தச் சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கிராணியின் மகள் கங்கா மட்டும் தினமும் இதில் உட்கார்ந்து கோலசிலாங்கூர் பள்ளிக்குப் போகிறாள். எங்கள் தோட்டத்துக்குப் பஸ் கிடையாது. போன வருடம் அப்பா கைகட்டி நின்று, "ஐயா, எம் பொண்ணும் ஓரமா உக்காந்துக்கும்" என்று கேட்டபோது கிராணி சிரித்தார். "சீட்டெல்லாம் ரப்பர்ப் பால் நாத்தம் ஒட்டிக்கும்லா, சன்னாசி." தோட்டப் பள்ளியின் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது.

"ஏய் பொண்ணு, கடைசியா தேங்காயெண்ண போட்டுப் பளபளன்னு தொடச்சிரு. அப்புறம் காஞ்ச துணியால எண்ணெய ஒத்தி எடுத்துரு, மறந்துடாதலா!" வாசலிலிருந்து கிராணியம்மா கத்துகிறார். "சரிங்கம்மா" என்கிறேன். பல்லைக் கடித்திருப்பதால் குரல் எனக்கே கேட்கவில்லை. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்கிறேன். சாய்மானம் மின்னுகிறது, அதில் என் முகம் கோணலாகத் தெரிகிறது. கங்காவின் முதுகு படும் இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறேன். காய்ந்த துணி மடித்தது மடித்தபடி இருக்கிறது. கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிறேன். கொடியில் கங்காவின் வெள்ளைப் பள்ளிச் சட்டை காய்ந்துகொண்டிருக்கிறது. நாளை திங்கட்கிழமை.