சொந்தக் கார்

"இன்னிக்கு ஒரு நாள் உன் கார் என் கார். நீ டிரைவர். பொண்ணு வீட்ல கேட்டா அப்படித்தான் சொல்லணும்" என்றார் மேனேஜர் தேவநாதன்.

புகழேந்தி தலையாட்டினான். வேலை வாங்கிக்கொடுத்தவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முந்தாநாள் திருநள்ளாற்றில் புதுக் காருக்குப் பூஜை போட்ட மாலைகூட இன்னும் வாடவில்லை.

காரைக்கால் சந்துகளில் சுளுவாக நுழைகிற சின்ன கார்தான். நெடுங்காடு ரோட்டில் லேசாக மிதித்ததும் டர்போ சீறிக்கொண்டு கிளம்பியது.

"வாய்க்கால் தாண்டி லெஃப்ட். பச்சை கேட் வீடு."

புகழேந்தியின் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார்."

பெண்ணின் அப்பா வாசலுக்கே ஓடிவந்து பானெட்டைத் தடவினார். "மாப்பிள்ளையோட சொந்தக் காரா?"

"ஆமாங்க. சாரோடதுதான்."

அவர் கண் காரைவிட்டு நகரவில்லை. டிரைவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

அரை மணி நேரத்தில் நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

போன மாசியில் இதே வீட்டுக் கூடத்தில்தான், அல்லி நீட்டிய காபியைப் புகழேந்தி வாங்கிக் குடித்தான். "பையன் தங்கம்தான். ஆனா ஒரு கார்கூட இல்லியே" என்று அவள் அப்பா கையை விரித்தபோது, "வாங்கிட்டு வர்றேங்க" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

தேவநாதன் வெளியே வந்தார். புகழேந்தி ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

ஜன்னலில் நின்ற அல்லி அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

'பாவம், கடைசியில் டிரைவர் வேலைக்கா போனான்' என்பதுபோல் பார்த்துவிட்டு, மெல்ல ஜன்னலைச் சாத்தினாள்.