தம்பி வீட்டுப் பொங்கல்

முதல் அடியிலேயே தம்பி வீட்டு முன் ஜன்னல் நொறுங்கி விழுந்தது. கணேசலிங்கம் அதோடு விடவில்லை. பனி அள்ளும் சவளை ஓங்கி அடுத்த ஜன்னலுக்கும் ஒன்று போட்டார்.

தைப்பொங்கலும் அதுவுமாக, விடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் அன்று குளிர் மைனஸ் இருபத்தாறு. தம்பி யோகேந்திரன் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த தடித்த நீல ஜக்கெற்றை, தம்பியோடு கோபித்த பிறகும் விடாமல் போட்டுத் திரிந்த மனுசன், இப்போது வெறும் சேட்டோடு நின்றார். அவ்வளவு ஆத்திரம்!

சண்டை ஒன்றும் காணி பூமிச் சண்டை இல்லை. அண்ணனும் தம்பியும் ஒட்டு வீட்டில் இருந்தார்கள், மேலே ஒரே தட்டைக் கூரை. தம்பி வீட்டுக்குள் விறகு எரிக்கும் பயர்பிளேஸின் புகை, கூரையில் இருந்த புகைக்கூட்டால் வெளியேறி அண்ணன் வீட்டுக்குள் வந்தது. "புகைக்கூட்டைத் துப்புரவாக்கடா" என்று இவர் சொல்ல, "உங்களுக்கு எரிச்சல்" என்று அவன் சொல்ல, ஐப்பசியில் கைகலப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நேற்றுக் கோயிலிலும் யோகேந்திரன் சும்மா இருக்கவில்லை. "இந்த முறை பயர்பிளேஸிலைதான் பொங்கப்போறன். புகை பிடிக்காத ஆக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கட்டும்" என்று, அண்ணனின் காதில் விழவேண்டும் என்றே பலத்துச் சொன்னான். சனம் சிரித்தது.

உடைந்த ஜன்னலால் ஏறிக் குதித்த கணேசலிங்கம், தம்பியின் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். "நாயே! விசரா! எழும்படா!" யோகேந்திரனின் உதடு கிழிந்து இரத்தம் வழிந்தது.

தம்பி பெண்சாதி வினோஜாவையும் அவர் விடவில்லை. வாசல் கதவைத் திறந்து, புதுச்சேலையோடு தரதரவென்று இழுத்து வந்து பனியில் தள்ளினார். அவர்களின் ஆறு வயது மகன் கீர்த்திகனைத் தூக்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார். பிறகு ஓடிப்போய்த் தம்பியைக் காலில் பிடித்து வெளியே இழுத்தார்.

எதிர்வீட்டுக் கத்தரின் தன் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "கொல்றான்! குடும்பத்தையே கொல்றான்!" என்று பிரெஞ்சில் போனுக்குள் கத்தினாள்.

பொலிஸ் வந்த வேகத்திலேயே கணேசலிங்கத்தைக் குப்புற விழுத்தியது. ஒருவன் முதுகில் முழங்காலை ஊன்ற, மற்றவன் கைவிலங்கை மாட்டினான். கண்ணாடி கிழித்த கைகளிலிருந்து இரத்தம் பனியில் சொட்டியது.

"என்னை விடுங்கோ! பிள்ளையைப் பாருங்கோ! ஐயோ, பிள்ளையைப் பாருங்கோ!" என்று அவர் குழறினார். அவர்களுக்குத் தமிழ் எங்கே விளங்கப்போகிறது? வாயை மூடச் சொல்லி இன்னும் அழுத்தினார்கள்.

பின்னாலேயே வந்த அம்புலன்ஸ்காரன் திறந்த கதவுக்குள் காலை வைத்ததும், அவன் இடுப்பில் இருந்த சின்னக் கருவி கீச்கீச்சென்று அலறியது. அவன் பாய்ந்து வெளியே வந்தான்.

"கார்பன் மொனொக்சைட்! மணமில்லாத நஞ்சு!" என்று பொலிஸைப் பார்த்துக் கத்தினான். "நீங்கள் பிடித்து வைத்திருக்கிற ஆள் அடிக்கவில்லை, காப்பாற்றியிருக்கிறார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் மூன்று பிணம்!"

கீர்த்திகனின் முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்கை மாட்டினார்கள். பிள்ளை அசையவில்லை. கணேசலிங்கம் பனியில் கிடந்தபடியே முருகனைக் கூப்பிட்டார். கடைசியில் பிள்ளை ஒருமுறை இருமி, பிறகு வீரிட்டு அழுதான். கணேசலிங்கமும் அவனைவிடப் பெரிதாக அழுதார்.

பொலிஸ்காரன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விலங்கைக் கழற்றினான். கத்தரின் கோப்பியோடு ஓடிவந்தாள். மயக்கம் தெளிந்த யோகேந்திரன் தவழ்ந்து வந்து அண்ணனின் காலைப் பிடித்தான்.

"என்னை மன்னிச்சிடுங்கோ அண்ணை. புதுப் பெயின்ற் கறுத்துப்போம் எண்டு விறகு வைக்காமல் கரி போட்டுப் பொங்கினனான். ஒரு துளி புகை வரேல்லை. எங்களுக்கே தெரியேல்லை, உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"நீ யன்னலைத் திறப்பாய், திறப்பாய் எண்டு வெளியிலை பாத்துக்கொண்டு நிண்டனான்." கணேசலிங்கம் உடைந்த ஜன்னலைப் பார்த்தார். "நீ திறக்கேல்லை."

யோகேந்திரன் விம்மி விம்மி அழுதான். தன்னைப் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து அண்ணனின் தோளில் போட்டான்.

"விறைச்சுப்போனியள். நான் வாங்கித் தந்த ஜக்கெற் எங்கை அண்ணை?"

கணேசலிங்கம் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன்ர புகைக்கூட்டுக்குள்ளை."