சிவப்பு எரியுமுன்

மருத்துவக் கல்லூரி நேர்காணலில் ஒரு பதிலுக்கு நாற்பது விநாடிதான். அதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரிந்து மைக் தானாகவே அணைந்துவிடும். அதே மாதிரி ஒரு விளக்கைப் பயிற்சிக்காக ஹெலன் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டி ஒரு வருடமாகிறது. மகள் பெர்சிஸ் எதைப் பேசினாலும் சிவப்பு எரியுமுன் "நன்றி" சொல்லி முடித்துவிட வேண்டும். குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட அவள் அப்படித்தான் சொல்வாள்.

நேர்காணல் முடிந்து வந்தவளைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை ஹெலன். "என்னட்டி கேட்டாங்க? சீக்கிரம் சொல்லு."

பெர்சிஸ் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடைசிக் கேள்விக்கு நேரக் கணக்கு கிடையாதுன்னாங்கம்மா. ஒரு மேடம் எதிர்ல வந்து உக்காந்தாங்க. அவங்க புருஷன் செத்துட்டாருன்னு வச்சுக்கணும், டாக்டரா நான் அதை அவங்ககிட்ட சொல்லணும். முப்பத்தெட்டு செகண்ட்ல சொல்லிட்டேன். அவங்க அழுதாங்க. அப்புறமும் மைக் அணையல. எனக்கு என்ன செய்யன்னு தெரியாம, நன்றின்னுட்டு எந்திச்சு வந்துட்டேன். இடம் இல்லன்னுட்டாங்க. நன்றி."

ஹெலன் நாற்காலியில் ஏறி விளக்கைப் பிடுங்கி எறிந்தாள். "இனி இந்தச் சனியன் வேண்டாம். அழுட்டி, எவ்வளவு நேரம்னாலும் அழு."

அம்மாவின் தோளில் முகம் புதைத்து பெர்சிஸ் விம்மி விம்மி அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்த ஹெலனின் உதடுகள் அவளையறியாமல் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்பதில் அழுகை சட்டென்று நின்றது.

பெர்சிஸ் நிமிர்ந்து கண்ணைத் துடைத்தாள். அம்மாவைப் பார்த்து, "நன்றி" என்றாள்.