சாந்தினிக்கு ஒரு மருந்துப் பெட்டி

பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு தகரக் கொட்டகை வாசலில் காலை வெயில் விழுந்திருக்கிறது. கல்யாண வண்டி இழுக்கும் குதிரை சாந்தினி, கட்டுப் போட்ட முன்காலைத் தூக்கியபடி நிற்கிறது. ஐந்து நாளைக்கு முன் ரோட்டில் கண்ணாடிச் சில்லு அதன் காலைக் கிழித்தபோது கையில் ஒரு துணிகூட இல்லாமல், வண்டிக்காரன் முனியப்பன் தன் சட்டையைக் கிழித்துத்தான் சுற்றினான். டாக்டர் வருவதற்குள் அது ரத்தத்தில் முழுக்க நனைந்துவிட்டது. அதனால் இன்று அவன் மனைவி தனக்கோடி, ஸ்பேனர் வைக்கும் டப்பாவைக் கழுவித் துடைத்து, பஞ்சு, கட்டுத்துணி, சலைன் பாட்டில், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அடுக்குகிறாள். சாந்தினி குனிந்து பஞ்சை மோந்து பார்க்கிறது.

“உனுக்குத்தான்டி, ஆனா துன்றதுக்கு இல்ல.”

டப்பாவில் வைக்க மிச்சம் இருப்பது தெர்மாமீட்டர். டாக்டர் காட்டித்தந்தபடி அதில் நூல் கட்டி, குதிரையின் வாலை ஒதுக்கி உள்ளே வைக்கிறாள். நேற்றுவரை ஜுரம் நூற்று மூன்று. முனியப்பன் குதிரையின் கழுத்தைத் தடவியபடி கண்ணை மூடிக்கொள்கிறான். பக்கத்துத் தெருவில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு திரும்புகிறது. தெர்மாமீட்டர் பீப் என்கிறது.

“எவ்ளோ?”

“நூறு.”

அவன் முகம் வாடுகிறது. “இன்னும் ஜுரம் வுடலியா?”

“அய்யே, நூறுன்னா நமக்குத்தான் ஜுரம். குதிரைக்கு அதான் கரெக்டு. டாக்டரு சொன்னாரு இல்ல?”

முனியப்பன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

“இன்னொரு வாட்டி சொல்லு.”

“நூறு,” என்கிறாள் தனக்கோடி, இந்த முறை சிரித்துக்கொண்டே.